மணலால் தேய்த்த துவக்கு

இன்ஸ்பெக்டர் ஐயா, சீனிக்குத் தட்டுப்பாடான இந்த நாளில் எனக்கு இனிப்பாகத் தேநீர் தந்தீர்கள். நன்றி. நான் சுபாவத்திலேயே பயந்தவன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் எங்கள் ஊர்த் துறைமுகத்தில் விமானக் குண்டு விழுந்த காலை நான் கட்டிலுக்கு அடியில் கிடந்தேன். மனைவி கமலேஸ்வரிதான் காலைப் பிடித்து இழுத்து வள்ளத்தில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுவந்தாள். அதன்பிறகு அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நாற்பது குடும்பங்களாகக் கட்டைபறிச்சானில் காட்டோரம் கொட்டில் போட்டு இருந்தோம். அங்கே யானைத் தொல்லை. துவக்குள்ள ஒருவரைக் காவலுக்குத் தேடினார்கள். மாமனார் சீதனத்தோடு தந்த துவக்கு என்னிடம் இருந்தது. ஒரு வெடிகூட வைத்ததில்லை. அதைத் தும்பும் மணலும் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன்.

மூதூர் வேட்டைக்காரர் ஜமால்தீன் நானாவும் அந்தக் காவலைக் கேட்டு வந்திருந்தார். தினமும் துடைத்து எண்ணெய் பூசுகிறவர், அவருடைய துவக்கு பளபளத்தது. எங்கள் பெரியவர் தங்கத்துரை, "இது கலியாண வீட்டுக்குக் கொண்டுபோறதோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்னுடையதைத் தடவிவிட்டு, "இது கனக்கக் காடு கண்டது" என்றார். காவல் எனக்குக் கிடைத்தது. கமலேஸ்வரி அன்று மீனின் நடுத்துண்டை எனக்கு வைத்தாள்.

மறுநாள் காலை, வயல் வரம்பில் ஜமால்தீன் நானா என்னை மறித்தார்.

"தம்பி, கை பிடிக்கிற இடம்தானே தேயும்? உங்கடது கை படாத இடமெல்லாம் தேஞ்சிருக்கு. யானை வந்தா உங்களுக்கு ஏலாது, சனம் சாகும். பின்னேரத்துக்குள்ள நீங்களே விலகுங்க. இல்லாட்டி நான் சொல்லுவன்."

அவர் கோபப்படவில்லை. எனக்கோ, கமலேஸ்வரி மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்ற பயம் குண்டுச் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவர் திரும்பி நடந்தார். நான்கு அடி போனதும் முதுகில் சுட்டேன். அவ்வளவு கிட்டத்தில் எவருக்கும் குறி தப்பாது.

வரம்போரப் பற்றைக்குள் பன்றி அசைந்ததென்று நினைத்துச் சுட்டதாகச் சொன்னேன். நம்பினார்கள். பழகின கைக்கும் தவறும் என்று தங்கத்துரை எனக்கு ஆறுதல் சொல்லி, காவலில் என்னையே விட்டார்.

மூன்றாம் நாள் யானை வந்தது. நான் துவக்கைப் போட்டுவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டேன். பக்கத்துக் கொட்டில் யோகம்மாவால் கைக்குழந்தையோடு ஓட முடியவில்லை.

ஜமால்தீன் நானாவை வேண்டுமென்றே சுட்டுக் கொன்றது நான்தான், ஐயா. எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். யோகம்மாவையும் பிள்ளையையும் மிதித்தது யானை. அதை என் தலையில் போடாதீர்கள்.