நாலு மணிக் காப்பி

எனக்குக் காப்பி நன்றாகப் போட வரும். எங்கள் சொந்தபந்தத்தில் இதை மறுக்கிறவர்கள் கிடையாது. கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, கொஞ்சம் சுக்கு நசுக்கி, கொதி வந்ததும் தூளைப் போட்டு இறக்கி மூடிவிட வேண்டும். கிளறக் கூடாது.

இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களே, இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி காலை குழித்துறை இறக்கத்தில் என் மனைவி சுபிதாவின் ஸ்கூட்டர் ஒரு டெம்போவில் மோதியது. குலசேகரத்திலிருந்து ரப்பர் மரத்தடி ஏற்றிவந்த ஓட்டுநர் ததேயுஸ் மேல் வழக்குப் பதிந்திருக்கிறீர்கள். அவர் மேல் குற்றமில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இருபத்தோரு வருடம் எழுத்தராக இருக்கிறவன். தவறாக எழுதப்பட்ட ஒன்று அப்படியே இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

சுபிதா சுசீந்திரத்துப் பக்கத்துக்காரி. திருமணமாகிப் பதினாலு வருடம். போன வருடம் அவள் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. மாதவிலக்கு மூன்று மாதம், நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும், குழந்தை இல்லை. கல்யாண வீடுகளில் ஆட்கள் பேசுவதற்குப் பயந்து எங்கும் வரமாட்டாள். குனிய முடியாது என்பதால் செருப்பின் வாரை நான்தான் மாட்டிவிடுவேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினமும் வாழைப்பழத்தில் பொரித்த பழம்பொரி வாங்கி வருவேன். நான் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

மஸ்கட்டில் இருக்கும் அவள் அண்ணன் சத்தியராஜ்தான் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தான். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. இரைப்பையைச் சிறிதாக்கி, குடலோடு இணைத்தார்கள். டாக்டர் என்னைத் தனியே அழைத்து விளக்கினார். பெண்களின் ஹார்மோன் கொழுப்பிலும் தங்கியிருக்குமாம், கொழுப்பு கரையக் கரைய அது ரத்தத்தில் கலக்கும், சில மாதங்கள் அழுகை, கோபம், சந்தோஷம் எல்லாம் மாறி மாறி வரும், பிறகு அடங்கிவிடும், நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். பொறுத்துக்கொள்வதாகச் சொன்னேன்.

அவர் சொன்னபடியே நடந்தது. தொலைக்காட்சியில் ஓர் ஆட்டுக்குட்டி தொலைந்ததற்கு அழுதாள். துணி காயப்போடும்போது பாடினாள். வழக்கம்போல நான் பழம்பொரி வாங்கிச் சென்ற ஒரு நாள் பொட்டலத்தை முற்றத்தில் எறிந்தாள்.

"பதினாலு வருசமா எனக்க வாய அடைக்கதுக்குத்தான் இத வாங்கிட்டு வந்தியளா?"

"ஹார்மோனாக்கும். சரியாயிரும்" என்றேன்.

"அழுதா ஹார்மோன். சிரிச்சா ஹார்மோன். கோவப்பட்டா ஹார்மோன். அப்பம் நான் எப்பம்தான் வருவேன்?"

நான் பொட்டலத்தைக் குனிந்து எடுத்தேன்.

ஆறாம் மாதத்திலிருந்து மாதவிலக்கு முறையாக வந்தது. காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி என்னிடம் காட்டினாள். ஒன்றரை வருடம் கழிந்தால் குழந்தைக்குப் பார்க்கலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். பத்தாம் மாதம் எடை எழுபத்தாறு. பக்கத்து வீட்டு ஜெனிலாவிடம் ஸ்கூட்டர் பழகினாள். "அக்கா, டயரப் பாக்காதுங்கோ, போவ வேண்டிய எடத்தப் பாருங்கோ" என்று அந்தப் பெண் பின்னாலேயே ஓடுவாள். சுபிதா அவள் சொன்னபடியே செய்தாள். செருப்பைத் தானே மாட்டிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் என் மாமியார் முத்துக்கனி வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் சீனி வாங்குவதில்லை. அவர் கருப்பட்டி கொண்டுவந்திருந்தார்.

"சீனி தான மருமோனே ஆவாது? இது கருப்பட்டியில்லா. பேறுகாலத்துக்கே குடுக்கது" என்று காப்பி போட்டுக் கொடுத்தார்.

கால் மணி நேரத்தில் சுபிதாவுக்கு வேர்த்தது. நெஞ்சு படபடத்தது. கண் இருட்டுகிறது என்று என் மடியில் படுத்துவிட்டாள். "என்னமோ பயமா இருக்கு, போவாதுங்க" என்றாள். "ஏட்டி, இதும் அந்த ஹார்மோனாக்குமா?" என்று மாமியார் கேட்டார். அவள் இரண்டு மணி நேரம் என் கையை விடவில்லை.

மறுநாள் மருத்துவமனைத் தாளை எடுத்துப் பார்த்தேன். அது மலையாளத்தில் அச்சடித்தது. நான் சின்ன வயதில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்; சுபிதாவுக்கு அது வாசிக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தத் தாளை நான்தான் அவளுக்கு வாசித்துச் சொல்லிவந்தேன். ஒன்பதாவது குறிப்பில் தெளிவாக இருந்தது: சீனி, வெல்லம், கருப்பட்டி, தேன் கூடாது, இனிப்பு வேகமாகக் குடலுக்குப் போனால் படபடப்பும் வேர்வையும் மயக்கமும் வரும்.

"கருப்பட்டி குடிக்கலாமா? அதுல என்ன போட்டிருக்கு?" என்று அவளே கேட்டாள்.

"கருப்பட்டி கொள்ளாம், குடிக்கலாம்" என்றேன்.

நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான். அடுத்த பரிசோதனையில் டாக்டர் மலையாளத்தில் கேட்டதை அவளுக்குச் சொல்லியதும், அவள் சொன்னதை அவருக்குச் சொல்லியதும் நான்தான். இனிப்பு சாப்பிடுகிறாளா என்று கேட்டார். வீட்டில் சீனியே கிடையாது என்றேன். அது உண்மை. திடீர் திடீரென்று பயப்படுகிறாள் என்றேன். அதுவும் உண்மை. அவர் மனப் பதற்றத்துக்கு மாத்திரை எழுதினார்.

தினமும் கொடுத்தேன் என்று எண்ண வேண்டாம். ஜெனிலாவோடு கடற்கரைக்குப் போவதாகச் சொன்ன நாள் கொடுத்தேன். தனியாக சுசீந்திரத்துக்குப் போகிறேன் என்ற நாள் கொடுத்தேன். மற்ற நாட்களில் கருப்பட்டி போடாத வெறும் சுக்கு வெள்ளம்தான். படபடப்பு வந்தால் படுப்பாள்; நான் தலையைத் தடவுவேன்; பழைய சுபிதா திரும்பி வருவாள். "எனக்கு பிராந்து பிடிக்குவா?" என்று ஒரு நாள் கேட்டாள். பைத்தியமெல்லாம் இல்லை, நான் இருக்கிறேன் என்று தைரியம் சொன்னேன். காலண்டரில் வட்டம் போடுவதை அவளாகவே விட்டுவிட்டாள். குழந்தையைப் பற்றிக் கேட்டபோது, இந்தத் தலையை வைத்துக்கொண்டு பிள்ளையை எப்படி வளர்ப்பேன் என்றாள்.

அதற்குப் பிறகும் மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடை வேலைக்கு எனக்குத் தெரியாமல் விண்ணப்பித்திருந்தாள். பன்னிரண்டாம் தேதி பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள்தான் சொன்னாள். நல்ல காரியம் என்றேன்.

காலையில் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவளுக்குக் காப்பி போட்டேன். வழக்கமாக ஒரு துண்டு கருப்பட்டி போடுவேன். அன்றைக்கு மூன்று. காப்பி குடித்த பிறகு அவள் சேலை உடுத்த அரை மணி நேரமாகும். அதற்குள் படுத்துவிடுவாள் என்பது என் கணக்கு. ஆனால் அன்று முதலிலேயே உடுத்தித் தயாராக நின்றிருந்தாள். நின்றபடியே குடித்து, டம்ளரை என் கையில் தந்து, "ஒரு நாளுமில்லாம இன்னைக்கு நல்லா இனிச்சு கெடக்கு" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

நான் வாசல் கேட் அருகே நின்றேன். ஒன்பது இருபது. இன்னும் கால் மணி நேரத்தில் அவள் எந்த இடத்தில் இருப்பாள் என்று யோசித்தேன். குழித்துறை இறக்கம் என்று தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தாள். சாவகாசமாகப் போ என்று சொன்னேன், சத்தமாகச் சொல்லவில்லை. உள்ளே வந்து டம்ளரைக் கழுவி வைத்தேன்.

அந்த வண்டி தானாக வளைந்து வந்து மோதியது என்று ததேயுஸ் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. நம்பலாம்.

முதுகெலும்பு முறிந்ததால் இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வில்லை. இனி வராது என்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பதினோரு நாளாகிறது. இப்போது அழுகையோ கோபமோ இல்லை. டாக்டர் சொன்னபடி எல்லாம் அடங்கிவிட்டது. நான் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "நீங்க இல்லன்னா நான் என்ன ஆவேன்" என்கிறாள். அவளுக்கு நான் ஒரு நாளும் கெடுதல் நினைத்ததில்லை என்பதற்கு அவளே சாட்சி.

விசாரணைக்கு எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். மூன்று மணிக்குள் முடித்து அனுப்பிவிட வேண்டும். நாலு மணிக்கு அவளுக்குக் காப்பி கொடுக்க வேண்டும். எத்தனை துண்டு போட வேண்டும் என்பது வேறு யாருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
குமாரதாஸ்