உதட்டுப் புள்ளி

— மொட்ட எந்தக் கோயில்லக்கா? இன்னா வேண்டுதல்?

— வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூளையில சீழ் கட்டிக்கினு மண்டையத் தொறந்து எடுத்தாங்கடா தமிழு. ரெண்டு மாசம் ஆவுது.

— ஐயோ! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? கல்வராயன் மலை இன்னா காசியா? பஸ் ஏறுனா நம்ம ஊரு கச்சிராயபாளையம். வந்திருப்பேனேக்கா.

— எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்றது? மலைக்காரிய இஸ்துக்கினு போயி அம்மாவக் கொன்னுட்டான்னு ஊரக் கூட்டி கத்துனவடா நான். கொள்ளி வைக்க வந்தவன வாசலோட தொரத்துனவ.

— பத்து வருசம் ஆச்சு, வுடு. நீ சொன்ன மலைக்காரி சந்திரலேகாதான் மோர் வச்சிட்டுப் போயிருக்கா, குடி.

— வுட முடியாம தாண்டா மலையேறி வந்தேன். நீ வூட்ட வுட்டுப் போன வாரத்துல அம்மாக்குக் கடவாப் பல்லு புடுங்குனாங்களே, தெரியுமா?

— தெரியும். அப்புறம் தலவலி, ஜுரம், வலிப்புன்னு பூடுச்சு. எம்மேல ஏக்கம்னுதான சொன்னீங்க?

— எனக்கும் அதே கததான். பல்லு புடுங்குனேன், பதினஞ்சாம் நாளு வலிப்பு. டாக்டரு இன்னா கேட்டாரு தெரியுமா? வூட்ல யாருக்குனா மூக்குல ரத்தம் ஒழுகுமான்னு.

— அம்மாக்கு ஒழுகுமே. ஒடம்புச் சூடுன்னு வெங்காயத்த மோந்துக்கினு உக்காந்திருக்கும்.

— சூடு இல்லடா, பரம்பர நோவு. நெஞ்சுக்குள்ள ரத்தக்கொழாய் ரெண்டு தப்பா ஒட்டிக்கினு, ரத்தம் வடிகட்டாம நேரா மண்டைக்குப் போவுதாம். பல்லுல இருந்த கிருமி அப்படியே ஏறிடுச்சாம். அம்மாக்கும் அதேதான் இருக்கும்னாரு. நீ ஒண்ணும் பண்ணலடா.

— யாருனா இத ஒருதபா சொல்ல மாட்டாங்களான்னுதாங்க்கா இத்தினி வருசமா கெடந்தேன்.

— அடிக்கணும்னா அடிச்சிடு. மண்டையில மட்டும் வேணாம், தையல் இப்பத்தான் ஆறுது.

— போக்கா. சிரிப்பும் வருது, அழுவையும் வருது.

— ரத்தசொந்தம் எல்லாம் ஸ்கேன் எடுக்கணுமாம். உனக்கு மூக்குல வருதா? ஒதட்டுல செவப்புப் புள்ளி கிள்ளி?

— எனக்கு எப்பனா லேசா வரும். புள்ளி இல்ல.

— உம்பொண்ணு பாப்பாக்கு?

— அம்மாக்கு இருந்தாப்பலயே அவ ஒதட்டுல ரெண்டு புள்ளி இருக்குதுக்கா. மூக்குல ரத்தம் வந்தா வெங்காயத்த மோந்துக்கினு அதே மாதிரி உக்காந்துக்குவா. கோவம் தீந்து அம்மாவே எங்கிட்ட வந்துடுச்சுன்னு, அது மொளச்ச மூணு வருசமா அந்தப் புள்ளியிலதாங்க்கா முத்தம் குடுத்துக்கினு இருக்கேன்.