களத்துமேட்டுக் குத்துச்சண்டை

காலையில் வயிறு முட்ட இட்லி தின்றுவிட்டுக் குத்துச்சண்டை பழகக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. குத்து கனக்காது, வயிறுதான் கனக்கும். நான் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வேன். பரம்பரை பரம்பரையாக உட்கார்ந்து தின்ற மிராசுதார் வீட்டில் இப்படி வாயைக் கட்டுகிற பிள்ளை ஒருத்தன் வந்து பிறந்தானே என்று என் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார்.

இந்த நடராசன் முரடன், கோபக்காரன் என்று ஊரில் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கோபம் வந்தால் குத்து கோணலாகப் போகும். நாகூர் மீரா உசேன் பாய் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். பாய் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் பினாங்கில் மேடையேறிச் சண்டை போட்டவர். வாரம் ஒரு தடவை பஸ் பிடித்து எங்கள் களத்துமேட்டுக்கு வந்துவிடுவார். "தம்பி, பலம் தோள்ல இல்ல. குதிகால்ல பொறக்கணும், இடுப்புல திரும்பணும், கை சும்மா கொண்டுபோய்ச் சேக்கணும். போற கைய விடத் திரும்பி வர்ற கை வெரசா வரணும், அதான் வேகம்" என்பார்.

பலம் சீக்கிரமே வந்துவிட்டது. சாக்கில் உமியும் ஆற்றுமணலும் கலந்து கட்டி, புளியமரத்தில் தொங்கவிட்டுக் கிளை ஆடும்வரை குத்துவேன். வேகம்தான் வரவில்லை. சாக்குக்குத் தலையை ஒதுக்கத் தெரியாது, அதை என்ன குற்றம் சொல்வது. பங்குனியில் நாகப்பட்டினத்தில் ஜில்லாப் போட்டி. அதற்குள் உயிருள்ள ஆள் ஒருத்தன் வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. பண்ணை நிலத்தில் எவன் குடிசை போட்டிருக்கிறானோ அவனுக்கே அந்த மனை சொந்தமாம். அடுக்குமொழி பேசியே ஆட்சிக்கு வந்தவர்கள், பேச்சை வாரி வழங்குகிற மாதிரியே நிலத்தையும் வழங்கினார்கள். எங்கள் பண்ணையாள் தங்கையன் குடிசையும் எங்கள் நிலத்தில்தான். "தாசில்தார் விசாரிக்க வர்றப்ப, 'ஆமா, இவன் இங்கதான் குடியிருக்கான்'னு ஒரு வார்த்த சொல்லிடுங்க சின்னய்யா. காலத்துக்கும் மறக்க மாட்டேன்" என்று வந்து நின்றான். அப்பா அந்தக் குடிசையைப் பிரித்துப்போட ஆள் தயார் செய்திருந்தார். நான்தான் தடுத்தேன். தாசில்தாரிடம் சொல்கிறேன், அதற்கு நீ தினமும் காலையில் என் எதிரே வந்து நில் என்றேன். இதில் என்ன அநியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதலில் தங்கையன் என்னைப் பாடாய்ப் படுத்தினான். நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வழுக்குகிற வரப்பில் ஓடிப் பழகிய கால் அது. என் குத்து கிளம்புவதற்குள் உடம்பை நெளித்துவிடுவான். காற்றைக் குத்திக் குத்தி எனக்குத் தோள்பட்டை வீங்கிப்போனது. பண்ணையைப் பார்த்துக்கொள்கிற எங்கள் காரியக்காரர் பஞ்சநதம்தான் வழி சொன்னார். "ஏன்டா தங்கையா, சின்னய்யா முன்னால நிக்கிற மொறையா இது? துண்ட இடுப்புல கட்டு. கையக் கட்டிக்கிட்டு அடக்கமா நில்லுடா" என்றார். அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினான். கையை மார்போடு கட்டிக்கொண்டான். அவன் அப்பனும் பாட்டனும் எங்கள் முன்னால் அப்படித்தான் நின்றார்கள். அன்றிலிருந்து என் குத்து ஒன்றுகூடத் தவறவில்லை. வேகம் அப்படித்தான், வருகிறபோது ஒரே நாளில் வந்துவிடும்.

பாய் அதைப் பார்த்தார். "பதிலுக்குக் குத்துறவன்கிட்டப் பழகுங்க தம்பி. இது ரொம்பப் பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. வயதாகிவிட்டது, சின்னப்பிள்ளையின் வேகத்தைப் பார்த்தால் பொறாமை இருக்கத்தான் செய்யும். தங்கையன் பெண்டாட்டி காத்தாயிக்கும் வாய் நீளம். புருஷனின் உதட்டு ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "ஒரு ஆளு மட்டும் ஆடுறதுக்குப் பேரு வெளயாட்டுங்களா சின்னய்யா?" என்று கேட்டாள். அவளுக்கு இந்த விளையாட்டின் நுணுக்கம் தெரியாது, அதனால் பெரிதுபடுத்தவில்லை.

தாசில்தார் வந்தபோது ஊர் முன்னால் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். தங்கையனுக்குப் பட்டா கிடைத்தது. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலை தங்கையன் களத்துக்கு வந்தபோது துண்டு தோளில் கிடந்தது. சட்டம் மனைக்குத்தானே பட்டா கொடுத்தது, தோளுக்குமா என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை. "இனிமே நிக்க முடியாதுங்க சின்னய்யா. மூச்சு விட்டா நெஞ்சு வலிக்குது" என்றான். போட்டியோ அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நன்றி கெட்ட காலம் ஐயா இது. இருந்தாலும் பெருந்தன்மையாக, "கடைசியா ஒரு தடவ நில்லு. நீயும் கையத் தூக்கு" என்றேன்.

"வேணாங்க, கை பட்டுடும்."

"பட்டாப் படட்டும், தூக்குடா."

பட்டது. நான் கீழே கிடந்தேன். களத்தில் வைக்கோல் ஈரம், யாருக்கும் வழுக்கும். கதிர் அடித்துக்கொண்டிருந்த ஆட்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்துவிட்டுப் போயிருப்பேன். எல்லாரும் ஒன்றும் பார்க்காத மாதிரி குனிந்துகொண்டார்கள். தங்கையன்தான் பதறிப்போய் ஓடி வந்து, என் கையைப் பிடித்துத் தூக்கி, முதுகில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டான். "தெரியாமப் பட்டுடுச்சுங்க சின்னய்யா, மன்னிச்சிடுங்க" என்று அழுதான். அவன் தூக்கிவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆட்களை வீட்டுக்குப் போகச் சொன்னேன். பஞ்சநதமும் களத்துக் காவல்காரன் கோவிந்தராசும் தங்கையனை ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்துக்கொண்டார்கள். தள்ளாடி விழுந்து தலையில் அடிபட்டுவிடக் கூடாதே என்கிற அக்கறைதான். நான் கையுறையைக் கழற்றியது உண்மை. உள்ளே வியர்த்திருந்தது. கோபமெல்லாம் இல்லை. குதிகால், இடுப்பு, கை என்று பாய் சொன்ன ஒழுங்கு கொஞ்சமும் மாறவில்லை. அவன் காத்தாயி பெயரைச் சொன்னான். பிறகு மனை என்று ஏதோ சொன்னான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் பழகினேன்.

பழியைப் பஞ்சநதம் ஏற்றுக்கொள்வதாக அப்பா பேசி முடித்திருக்கிறார். அது வேண்டாம் ஐயா. தங்கையன் செத்தது என் குத்தில். அதில் இன்னொருத்தன் பங்குக்கு வருவதை நான் ஒப்ப மாட்டேன். ஒன்று மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் இரண்டு பேரும் பிடியை விட்ட பிறகுதான் அவன் விழுந்தான். அதுவரை என் எதிரே நின்றுகொண்டுதான் இருந்தான். நேருக்கு நேர் நின்றவனைத்தான் நான் ஜெயித்திருக்கிறேன்.