வனமாமலையைக் கொன்றது யார்?

– எழுதினது நீங்க. கொலைகாரன் யாருன்னு உங்களுக்கே தெரியாதா, சௌந்தர்யா மேடம்?

– தெரியும் சார். ஷிப்டு, ஓவர்டைம்னு உயிர் போவுது. கடைசி அத்தியாயம் மட்டும்தான பாக்கி?

– அது இல்லாம சஸ்பென்ஸ் நாவலை எப்படி மேடம் போடறது? உங்க பேர் போட்டு அட்டை ரெடி. அச்சகத்துல மெஷினை நிறுத்தி வச்சிருக்காங்க. முதலாளி என் தலையில ஏறி உக்காந்திருக்கார். எழுதக்கூட வேணாம், வாயால சொல்லுங்க, நான் டைப் அடிச்சுக்கறேன்.

– ஒரகடம் ஸ்டாப்பிங்ல நிக்கிறேன் சார், ஒரே வண்டி சத்தமா கீது. லைன்லயே இருங்க, தோ வந்துட்டேன்...

– ஏட்டி சௌந்தர்யா! ஒரே ரூம்ல இருக்கோம்னுதான் பேரு. நான் வர, நீ போக, ஒன்னய பஸ் ஸ்டாப்புலதான் பாக்க முடியுது. போன்ல யாரு?

– ஆங்... அம்மா. அத வுடு. சுகா, உன் கதையில அந்தப் பதிப்பாளரு, வனமாமலை, அவர கொன்னது யாருடி?

– அடேயப்பா! நான் நைட் ஷிப்ட் முடிச்சு கண்ணு எரிய வாரேன், இவளுக்குக் கதை கேக்கு.

– சொல்லுடி, கம்பெனி பஸ்ஸு வந்துடும். எல்லா அத்தியாயமும் வாட்சப்ல அனுப்பிக்கினே இருந்த, கடைசிய மட்டும் இன்னாத்துக்கு அமுக்கி வச்சிக்கினு கீற?

– வேணும்னுதான். நான் எழுதுதத படிக்க ஒன்னய விட்டா யாரு இருக்கா? கொலகாரன் யாருன்னு சொல்லும்போது ஒம் மூஞ்சிய நேர்ல பாக்கணும்லா.

– பாத்துக்க, இதான் மூஞ்சி. சொல்லு தெய்வமே!

– ஏன் இப்படி வேத்து ஊத்துது ஒனக்கு? சரி, கேளு. கொன்னது அந்தப் பிழை திருத்துத பெரியவரு.

– அவரா? அய்ய, வாயில வெரல வச்சாக்கூட கடிக்கத் தெரியாத மனுசன். அவரு இன்னாத்துக்குக் கொல்லணும்?

– ராவும் பகலும் முழிச்சு அவரு எழுதுன நாவல, வனமாமலை வேற ஒருத்தி பேருல போட்டுட்டாரு. வயிறு எரிஞ்சு போச்சு மனுசனுக்கு... ஏட்டி, ஏன் ஒரு மாதிரி நிக்க? முடிவு நல்லால்லையா?

– நல்லாத்தான் கீது. சுகா... நான் சும்மா வெளாட்டா ஒண்ணு...

– பஸ்ஸு வந்துட்டு பாரு, ஏறு. ஒங்கம்மா இன்னும் லைன்லயே இருக்காவ, என்னன்னு கேளு.

– மேடம், எல்லாம் கேட்டுது. போனை அவங்ககிட்ட குடுங்க. அட்டையில போட அவங்க முழுப் பேரு வேணும்.