காலி வண்டியின் எடை

அக்கா போடும் டீயில் இனிப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். எனக்கு அது பிடிக்கும். லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையில் எனக்கு இரவு வேலை. விடிந்ததும் வீட்டுக்கு வருவேன். மணி அடிக்கும் முன்பே கதவு திறக்கும். படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு வேறு யார் அப்படிக் கதவு திறப்பார்கள்?

அக்கா ரொம்பப் பருமன். எங்கள் வீடு மாடியில். படி இறங்க முடியாததால் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்காகப் போனில் வாடிக்கையாளர்களின் புகார் கேட்கும் வேலை பார்த்தாள். இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்தால் நடமாடலாம் என்றார் டாக்டர். காப்பீட்டுக் கம்பெனி கைவிரித்துவிட்டது. அது நோய்க்கான சிகிச்சை இல்லையாம், தோற்றத்துக்கானதாம். அக்கா போனை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"முட்டி தேஞ்சு போச்சு, நாலடி நடந்தா மூச்சு வாங்குது. நான் என்னமோ அழகிப் போட்டிக்குக் கிளம்பற மாதிரி பேசறான்டா."

"விடுக்கா. காசு நான் தரேன்."

மனதாரத்தான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பண்டிகை, காய்ச்சல் எதற்கும் லீவு போடாமல் அடுத்தவன் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தேன். முழுத் தொகையும் சேர்ந்த அன்று அவளிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இதைச் சொன்னாள்.

"நடக்க ஆரம்பிச்சதும் பெரிய ஆபீஸுக்கே வந்துடச் சொல்லியிருக்காங்கடா. அங்கேயே ரூம் தராங்களாம். நீயும் எத்தனை நாளைக்கு அக்கா அக்கான்னு சுத்துவ? போய் ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கோ."

நல்ல சேதி என்றேன். டீ ஆறிப்போயிருந்தது.

ஆபரேஷனுக்கு முன் எட்டுக் கிலோ குறைய வேண்டும், அப்போதுதான் கல்லீரல் சுருங்கிக் கருவி உள்ளே போக இடம் கிடைக்கும், குறைந்ததும் போன் செய்யுங்கள் என்றார் டாக்டர். வீட்டிலிருந்த சின்னத் தராசு அவளைத் தாங்காது. வேலையிடத்தில் சும்மா கிடந்த, மூட்டை நிறுக்கும் மின் தராசைத் தோளில் தூக்கி வந்தேன்.

"லாரி மாதிரி ஏத்தி நிறுத்தறியேடா. லோடோட எடை வேணுமா, காலி வண்டி எடையா?"

"ஆடாம நில்லுக்கா."

முதல் வாரம் மூன்று கிலோ குறைந்திருந்தது. குழந்தை மாதிரிக் கைதட்டினாள். அந்தத் தராசில் இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்திப் பிடித்தால் அது காட்டும் எடையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். அடுத்த முறை அவள் ஏறும் முன் மூன்றையும் திரும்பக் கூட்டி, புதிதாகக் குறைந்திருக்கக்கூடியதையும் சேர்த்து வைத்தேன். லாரியைப் பார்த்தே எடை சொல்கிறவன் நான். அக்காவின் எடையைச் சொல்வதா கஷ்டம்?

சலித்துப்போய் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கத்தியும் வேண்டாம், பெரிய ஆபீஸும் வேண்டாம், இருந்தபடியே இருப்போம். இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது?

அவள் விடவில்லை. தட்டு பாதியானது. பிறகு கிண்ணம். பிறகு வெறும் தண்ணீர். எனக்கு டீ போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"சட்டையெல்லாம் தொளதொளன்னு இருக்கு. தராசு மட்டும் ஏன்டா நகர மாட்டேங்குது?"

"துணி பழசுக்கா. துவைச்சுத் துவைச்சுத் தொய்ஞ்சிருக்கும்."

நம்பினாள். எடை விஷயத்தில் நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு இல்லை. டாக்டருக்கும் போன் செய்யவில்லை. "எட்டுக் கிலோ குறைக்காம என்னன்னு பேசறது? வாயைக் கட்டத் தெரியாதவன்னுதானே நினைப்பாங்க" என்றாள்.

கடைசியாக ஏறிய அன்று, இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"லோடெல்லாம் இறக்கியாச்சுடா. வண்டியோட எடையே இவ்வளவுதான் போல."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். எட்டுக் கிலோவை அவள் எப்போதோ தாண்டிவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதைப் போல மூன்று மடங்கு குறைந்திருந்தாள். ஒரு வார்த்தை போதும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கலாம். தூக்கத்தில் கண் சொருகியது. படுத்துவிட்டேன்.

மறுநாள் கதவு திறக்கவில்லை. மணி அடித்தேன். பிறகு என் சாவியால் திறந்தேன். அடுப்படியில் கிடந்தாள். அடுப்பில் டீ சுண்டிக் கருகியிருந்தது. பட்டினியில் உடம்பின் உப்புச் சத்து வற்றி இதயம் நின்றிருக்கிறது என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். சரியாகத்தான் எழுதியிருப்பார்.

அக்கா தன் தோழி ஒருத்தியிடம் போனில் அழுதுகொண்டே சொன்ன எடையும் சவக்கிடங்கில் போட்ட எடையும் ஒத்துப்போகவில்லை என்றுதானே என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள்? ஆமாம், தராசை மாற்றியது நான்தான். ஒவ்வொரு வாரமும். என்னோடு இருந்தால் போதுமென்று அவளைச் சாகவிட்டதும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் பணத்துக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். வங்கியில் கேட்டுப் பாருங்கள், சேர்த்தது சேர்த்தபடி இருக்கிறது. அது அக்கா ஆபரேஷனுக்கென்று வைத்தது. அதில் கை வைக்க எனக்கு மனம் வருமா?