ஒரு மூடி வேப்பெண்ணெய்

...அதெல்லாம் இருக்கட்டும்ணே, மொதல்ல இந்த எலையப் பாருங்க. பாருங்கங்கறேன்! பொரிச்செடுத்த மாதிரி இல்ல? ரோசா எலைண்ணே! போன வாரம் பச்சப்பசேல்னு இருந்துச்சு. ஒங்க வேப்பெண்ணெய அடிச்ச மூணாம் நாளு... இந்தா, தொட்டா நொறுங்குது. என்னத்தக் கலந்து விக்கிறீங்க? சுத்தமான எண்ணெயா? ஆமா ஆமா, செடியெல்லாம் சுத்தமாப் போச்சு!

என் செடின்னா வாயே தொறக்க மாட்டேன். என் கையில கத்தாழையே செத்துப்போகும், ஊரறிஞ்ச சங்கதி. இது என் நாத்தனார் செடிண்ணே! பதினாலு தொட்டி. மக பிரசவத்துக்குப் போறப்ப சாவிய என் கையில குடுத்துட்டுப் போனாங்க. இருபத்திரெண்டு வருஷமா நான் உப்புப் போட்டா, ஒரு சொட்டு நக்கிப் பாத்துட்டுத்தான் எறக்க விடுவாங்க. அப்பேர்ப்பட்டவங்க சாவியக் குடுத்ததும் எனக்குத் தல கால் புரியல. சனிக்கெழம வர்றாங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு...

இருங்க, அந்தம்மாவுக்கு அப்புறம் ஊத்துங்க, நான்தானே முன்னாடி வந்தேன்.

செடியில மாவுப்பூச்சி வெச்சுருச்சேன்னு மொதல்ல பூண்டும் மொளகாயும் அரச்சுத்தான் அடிச்சேன். பூச்சி அசையல, வீட்டுக்காரர்தான் ரெண்டு நாள் தும்மினாரு. 'பூச்சிய வெரட்டுறியா, என்னய வெரட்டுறியா'ங்கறாரு. நக்கலு! அப்புறந்தான் ஒங்ககிட்ட வந்தேன். என்ன சொன்னீங்க? 'லிட்டர் தண்ணிக்கு ஒரு மூடி எண்ணெய், கொஞ்சம் சோப்புத் தண்ணி, வெயில் தாழ அடிங்க.' அச்சுப் பெசகாம செஞ்சேண்ணே! பாட்டில் ஒரு வருஷம் வரும்னீங்களே, எங்க வந்துச்சு? ஒரே சாயங்காலத்துல காலி!

...எந்த மூடியா? இதென்ன கேள்வி, மூடின்னா மூடிதான். தேங்கா மூடி! கண்ணுள்ளது ஒழுகுமேன்னு கண்ணில்லாத மூடியாப் பாத்து, சுரண்டிக் கழுவி, தளும்பத் தளும்ப...

...என்னது? பாட்டில் மூடியா? இத்துனூண்டு மூடியா?

அய்யோ.

சிரிக்காதீங்கண்ணே. ஏம்மா, நீங்களுமா? கடக்காரர் ஏமாத்திட்டாருன்னு சொல்லிடலாம்னு வழியெல்லாம் ஒத்திக பாத்துக்கிட்டு வந்தேன், அதுலயும் மண்ணு!

...கருகுன கெளைய வெட்டிக் கவாத்து பண்ணிவிட்டாத் துளிருமா? நெசமாவா? சனிக்கெழமைக்குள்ளயா?... ம்ம். அதானே.

வேற வழியில்ல, சொல்லித்தான் ஆகணும். இருங்க, இங்கயே வெச்சு நாத்தனாருக்குப் போன் போட்டுப் பேசிடறேன். வீட்டுக்குப் போனா தைரியம் போயிடும்.

...அண்ணி, நான்தான். கொழந்த தூங்குதா?... நல்லா இருக்கேன் அண்ணி. அண்ணி, ஒண்ணு கேக்கறேன். ஒரு மூடின்னு சொன்னா, ஒங்களுக்கு மொதல்ல எது ஞாபகம் வரும்?... பாத்தீங்களாண்ணே! அவங்களும் தேங்கான்னுதான் சொல்றாங்க!

...இல்லண்ணி, எண்ணெய்க்கடக்காரர்கிட்டச் சொன்னேன். வேப்பெண்ணெய் அளக்கறதுக்குத்தான்...

...

...ரோசாவுக்கும் அதே மூடிதான் அண்ணி.