மார்க்கெட்டுக்குள் வராத வேட்பாளர்

தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் பஸ்ஸில், காலிக் கூடைகளோடு இரண்டு மீன்காரப் பெண்கள். இளையவள் வேட்பாளரைத் திட்டிக்கொண்டு வந்தாள். நன்றாகத் திட்டட்டும்.

“மீன் மார்க்கெட்டுக்குக் கூரை கேக்கலாம்னு காலைலேர்ந்து நின்னுகினு இருந்தேன்க்கா. ரோட்டுலயே கும்பிட்டுட்டுப் பூட்டான்.”

“மாலை போட்டுகீறாராம்டி. கவிச்சி ஆவாதாம்.”

“என் ஓட்டு மட்டும் ஆவுமா?”

பஸ்ஸே சிரித்தது.

“சாமிக்குப் பயந்தவருடி. திருட மாட்டாரு.”

“சாமிக்குப் பயப்படட்டும். மீனுக்கு இன்னாத்துக்குப் பயப்படறான்? உள்ள வந்தே பாக்காதவன் எப்டிக்கா கூரை போடுவான்?”

“விரதம் முடிஞ்சா வருவாரு.”

“அதுக்குள்ள எலெக்‌ஷனே முடிஞ்சிடும். நானும் விரதம்தான்க்கா. அவன் பட்டனைத் தொட மாட்டேன்.”